‘வராது’ என்ற சொல் எங்கே போனது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறேன். வயது 39. 2009இல் முதுகில் எறிகணைச் சிதறல் பட்டு முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) பாதிக்கப்பட்டது. கிளினிக் கொப்பியில் ‘டி 3’, அதாவது நெஞ்சு மட்டத்தில் மூன்றாவது இடம், என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன. வீட்டு விறாந்தையில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன்.

பிரச்சினை என் குரல். வாக்கியத்தைத் தொடங்கும்போது இருக்கிறது, முடிக்கும்போது இல்லை. போன மாதம் ‘இந்தப் பாடம் சோதனைக்கு வராது’ என்றேன். ‘சோதனைக்கு’ என்பதோடு காற்றுப் போய்விட்டது. இரண்டு பிள்ளைகள் இரவிரவாக அதையே பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள். என் மகனும் ‘அப்பா, கடைசிச் சொல் கேட்கவில்லை’ என்கிறான். சிலர் பலூன் ஊதச் சொல்கிறார்கள். சிலர் இது சபைக்கூச்சம் என்கிறார்கள். எனக்கு விளங்காதது ஒன்றுதான். கட்டிலில் படுத்தபடி மனைவியுடன் கதைத்தால் குரல் ஒழுங்காக வருகிறது. சக்கர நாற்காலியில் நிமிர்ந்து இருந்தால் போய்விடுகிறது. எல்லோருக்கும் நிமிர்ந்து இருந்தால்தானே மூச்சு நன்றாக வரும்?

பதில்:

அன்பின் தம்பிக்கு,

குரல் போகிறது என்று எழுதுகிறவர்கள் பலர். எப்படி இருந்தால் போகிறது, எப்படி இருந்தால் வருகிறது என்று கவனித்து எழுதுகிறவர்கள் மிகச் சிலர். பேச்சு மொழிச் சிகிச்சையாளராக நான் கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு, நான் கேட்குமுன்பே நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள்.

ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுப் போவோம். கட்டிலில் மனைவியிடம் கதைப்பதும் விறாந்தையில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் ஒன்றல்ல. கூச்சம் என்பவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கேட்கும் ஆளை மாற்றாமல், இருக்கும் நிலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். மனைவி முன்னால் இருக்கட்டும். ஒரே வாக்கியத்தைப் படுத்தபடி ஒருமுறையும் நாற்காலியில் இருந்தபடி ஒருமுறையும் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரே தூரத்தில் பிடித்துப் பதிவு செய்யுங்கள். நாற்காலியில் சொன்னது மட்டும் தேய்ந்தால் கூச்சக் கதை அத்தோடு முடிந்தது. அப்படித்தான் முடியும் என்று நினைக்கிறேன். காரணம் உங்கள் வயிற்றில் இருக்கிறது.

குரலுக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று மகனை வைத்தே பார்க்கலாம். அவனைப் பக்கவாட்டில் நிறுத்தி வயிற்றில் ஒரு கையையும் விலாவில் மறு கையையும் வையுங்கள். படலையில் நிற்கும் தாயைச் சத்தமாகக் கூப்பிடச் சொல்லுங்கள். முதலில் வயிறு சற்று வெளியே தள்ளும். அது மூச்சு உள்ளே போவது. பிறகு, ‘அம்மா’ என்ற சொல் வாயிலிருந்து புறப்படுவதற்குக் கண்ணிமைப்பு நேரம் முன்னால், வயிறு உள்ளே இழுபட்டு இறுகும். விலா சற்று எழும். அதற்குப் பிறகுதான் சத்தம். இரண்டு மூன்று முறை கூப்பிடச் சொன்னால் உங்கள் கை அந்த வரிசையைப் பிடித்துவிடும். அவனிடம் கேட்டுப் பாருங்கள், தான் ஒன்றுமே செய்யவில்லை என்பான்.

யாரும் சொல்லித்தராமல் எல்லோரும் செய்கிற ஆயத்தம் இது. தமிழ் இலக்கணம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது உந்தியிலிருந்து எழும் காற்றில்தான் தொடங்குகிறது. மிடறும் நெஞ்சும் பல்லும் நாவும் பிறகுதான் வருகின்றன. வருடா வருடம் நீங்கள் படிப்பிக்கிற பாடம்தான். அதைச் செய்யுளுக்கான அழகுப் பேச்சு என்று நான் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். நோயாளிகளின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 16 தடவை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அரை லீற்றர் காற்று. நேரத்தைப் பத்துப் பங்காக்கினால் உள்ளே இழுக்க நான்கு, வெளியே விட ஆறு. இதை மூளைத்தண்டு பார்த்துக்கொள்கிறது, நித்திரையிலும் பார்த்துக்கொள்ளும். கதைக்க வேண்டும் என்று மனம் வைத்ததும் பெருமூளை பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. கணக்கு அடியோடு மாறுகிறது. உள்ளே இழுக்க ஒரு பங்கு, வெளியே விட ஒன்பது பங்கு. காற்று சட்டென்று உள்ளே போய், சிறுகச் சிறுக வெளியே வர வேண்டும். நீண்ட வாக்கியம் வரப்போகிறது என்றால் மூச்சும் சற்றுப் பெரிதாக இழுபடும். அகலத் திறந்திருந்த குரல் நாண்கள் நெருங்கி வந்து நிற்கும். அந்த நாண்களுக்கான நரம்பு மூளையிலிருந்து முண்ணாணுக்குள் புகாமல் தனி வழியாக வருவதால், முண்ணாண் காயம் உங்கள் நாண்களைத் தொடவில்லை. (படுத்திருக்கும்போதும் குரல் கரகரப்பாக இருந்தால் அது வேறு விடயம். காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். காயப்பட்ட காலத்தில் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.)

இறுகிய வயிறு இரண்டு வேலை செய்கிறது. கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தோல் தொய்ந்திருந்தால், மறு பக்கத்தை எவ்வளவு அழுத்தினாலும் தொய்ந்த பக்கம் புடைக்குமே தவிர, குழாய் வழியே காற்று வேகமாக வராது. விலா உள்ளே அமுக்கும்போது வயிற்றுச் சுவர் அசையாமல் நிற்க வேண்டும். அது முதல் வேலை. வயிறு உள்ளே போகும்போது குடலும் ஈரலும் மேலே தள்ளப்பட்டு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு குடைபோல உயர்ந்து நீள்கிறது. நீட்டி வைத்த தசைதான் பலமாகச் சுருங்கும். அதனால்தான் வாக்கியத்தின் நடுவே அரை வினாடிக்குள் அடுத்த மூச்சை இழுத்துக்கொண்டு கதையைத் தொடர முடிகிறது. அது இரண்டாவது வேலை.

உங்கள் காயத்துக்கு வருகிறேன். பிரிமென்றகட்டுக்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து இறங்குகிறது. அது காயத்துக்கு மேலே இருப்பதால் முழுதாக இருக்கிறது. மேல் விலாக்களுக்கு நடுவே உள்ள சில தசைகளும் வேலை செய்கின்றன. வயிற்றுத் தசைகளுக்கான நரம்புகளோ நெஞ்சு மட்டத்தின் கீழ்ப் பாதியிலிருந்துதான் பிரிகின்றன. டி 3இல் வழி அறுந்ததால் அங்கே செய்தி போகவில்லை. ஆகவே மூச்சை உள்ளே இழுக்க உங்களிடம் நல்ல தசை இருக்கிறது. வயிற்றை இறுக்கத் தசை இல்லை.

மல்லாந்து படுக்கும்போது அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்துவிடுகிறது. குடல் பின்னோக்கியும் நெஞ்சை நோக்கியும் சரிந்து பிரிமென்றகட்டை மேலே தூக்கி வைக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்தால் அதே குடல் முன்னாலும் கீழேயும் தொய்கிறது. பிரிமென்றகடு தட்டையாகிவிடுகிறது. தட்டையானது இன்னும் எவ்வளவு கீழே இறங்க முடியும்? நிமிர்ந்தால்தான் மூச்சு வரும் என்பது வயிற்றுத் தசை இருப்பவர்களுக்கான பேச்சு. கழுத்திலோ மேல்முதுகிலோ முண்ணாண் காயம் பட்டவர்கள் பலருக்கு நிலைமை நேர்மாறு. நீங்கள் கண்டது சரி.

இனி அந்த ‘வராது’. நிறைய மூச்சு இழுத்த நெஞ்சு ஊதிய பலூனைப் போலத் தானாகவே சுருங்கப் பார்க்கும். சாதாரணக் கதைக்கு வேண்டிய அமுக்கம் 5 முதல் 8 சென்ரிமீற்றர் உயர நீருக்குச் சமம். முழுக்க நிரப்பிய நெஞ்சு தருவதோ அதைவிடப் பல மடங்கு. அதனால் கதைக்கத் தொடங்கிய பிறகும், மூச்சு இழுக்கும் தசைகள் சற்று நேரம் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. 1959இல் எடின்பரோவில் மூன்று ஆய்வாளர்கள் விலாத் தசைகளின் மின்னலைகளைப் பதிவு செய்து இதைக் காட்டினார்கள். ஒலியியல் அறிஞர் பீற்றர் லடிஃபோகெட் அவர்களில் ஒருவர். காற்றுக் குறையக் குறைய அந்தச் சுருங்கும் விசையும் குறைகிறது. சும்மா மூச்சுவிட்டு முடியும் மட்டத்துக்கு வந்ததும் அது பூச்சியம். அதற்குக் கீழேயும் சுவாசப்பையில் காற்று இருக்கிறது, ஆனால் அதை எடுக்க வயிற்றுத் தசை தள்ள வேண்டும்.

முத்தையன்கட்டுக் குளத்தைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. துருசு, அதாவது மதகு, இருக்கும் மட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வாய்க்காலில் பாயாது. மற்றவர்கள் அதை மோட்டர் வைத்து இறைக்கிறார்கள். ‘சோதனைக்கு’ என்று சொல்லி முடித்தபோது உங்கள் நீர்மட்டம் துருசைத் தொட்டுவிட்டது. மோட்டர் இல்லை.

இதில் தமிழும் உங்களுக்கு எதிராக நிற்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். வருமா வராதா, வென்றானா தோற்றானா, எழுது என்றா எழுதாதே என்றா, எல்லாம் கடைசிச் சொல்லில் கிடக்கிறது. வினை முன்னாலே வரும் ஆங்கிலத்தில் படிப்பிக்கும் ஒருவருக்கு இதே குறை இருந்தால் பிள்ளைகள் பாதியையாவது பிடித்துக்கொள்வார்கள். தமிழில் குரல் தேய்ந்தால் முதலில் தேய்வது முடிவுதான்.

பலூனை விட்டுவிடுங்கள். பலூன் முதல் ஊதலில் கேட்கும் அமுக்கம் கதைக்குத் தேவையானதைவிட மிக அதிகம். அது பழக்கும் வேலையும் வேறு. உங்களுக்குத் தேவை வெளியிலிருந்து ஒரு வயிறு.

அதுதான் வயிற்றுப் பட்டி. இழுபடும் துணியில் செய்த அகலமான பட்டி, மருந்துப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். முண்ணாண் காயமுள்ளவர்களில் இதைக் கட்டிப் பார்த்தபோது நிமிர்ந்த நிலையில் இழுக்கும் மூச்சின் அளவும், ஒரு மூச்சில் ‘ஆ’ என்று குரலைப் பிடித்து நிற்கும் நேரமும் கூடியிருக்கின்றன. கட்டும் முறையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கட்டிலில் படுத்திருக்கும்போதே கட்ட வேண்டும். நாற்காலிக்கு வந்த பிறகு கட்டினால் தொய்ந்த வயிற்றைத் தொய்ந்தபடியே கட்டி வைப்பீர்கள். மேல் விளிம்பு கடைசி விலாவுக்குக் கீழே நிற்க வேண்டும், விலாவை மூடினால் நெஞ்சு விரியாது. கீழ் விளிம்பு இடுப்பெலும்பின் மேல் பகுதியை மூடட்டும். பட்டிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவு இறுக்கம் போதும். முதல் கிழமை வகுப்பு நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம். படுக்கும்போது கழற்றுங்கள்.

உங்களுக்கு உணர்வில்லாத இடத்தில் கட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கழற்றியதும் மனைவி தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அன்றோடு நிறுத்துங்கள். சிறுநீர்க் குழாய் இருந்தால் அது பட்டிக்குக் கீழே மடிந்துவிடக் கூடாது. டி 6இலோ அதற்கு மேலேயோ காயமுள்ளவர்களுக்கு உடலின் கீழ்ப்பகுதியில் ஏதாவது நெருக்குதல் ஏற்பட்டால் குருதியமுக்கம் திடீரென்று ஏறக்கூடும். கடுமையான தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல், இவற்றில் எது வந்தாலும் உடனே பட்டியைக் கழற்றி, நிமிர்ந்தபடியே இருந்து, குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதனால்தான் வாங்குமுன் உங்கள் கிளினிக்கில் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பட்டி பாதி வேலையைச் செய்யும். மீதி, முதல் சொல்லுக்கு முன்னால் நீங்கள் செய்வது. இப்போது நீங்கள் சாதாரண மூச்சில் தொடங்கி, மட்டம் தொடும்வரை கதைத்து, அதற்குக் கீழே திணறுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் சாதாரண மூச்சைப்போல் இரண்டு மடங்கு இழுங்கள். நெஞ்சு வெடிக்கும் அளவுக்கு வேண்டாம். இழுத்ததும் கொட்டிவிடாமல், இன்னும் இழுக்கப் போவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முதல் சொல்லை மெல்லத் தொடங்குங்கள். அந்தப் பிரேக் உங்களிடம் இருக்கிறது. காற்று மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி அடுத்த மூச்சை எடுங்கள். மிச்சம் இருக்கும்போதே நிறுத்துவதுதான் பழக நாளெடுக்கும். பசி தீருமுன் கையைக் கழுவச் சொன்னது போலிருக்கும்.

எங்கே நிறுத்துவது? பாடப்புத்தக நடையில் ஒரு வாக்கியம்: ‘பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவில் ஆங்கிலேயர் வைத்திருந்த கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினாலும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றான்.’ இதை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே முடியவில்லை. நீங்கள் ‘தோற்றான்’ என்பதற்கு வரும்போது பிள்ளைகளுக்குப் பண்டாரவன்னியன் வென்றவனாகவே இருந்துவிடுவான். இப்படிச் சொல்லிப் பாருங்கள். ‘1803ஆம் ஆண்டு.’ மூச்சு. ‘முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் கைப்பற்றினான்.’ மூச்சு. ‘பிறகு கற்சிலைமடுவில் தோற்றான்.’ மூச்சு. ‘யாரிடம்?’ அந்தக் கேள்விக்குப் பதிலைப் பிள்ளைகள் சொல்லட்டும், உங்களுக்கு ஒரு மூச்சு மிச்சம். வினை நீண்ட வாக்கியத்தின் வாலில் தொங்காமல் அந்தந்த மூச்சின் மூன்றாவது நான்காவது சொல்லாக வந்துவிடுகிறது. குறிப்புக் கொப்பியில் மூச்சு எடுக்கும் இடங்களில் சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள். ஒரு மாதத்தில் கோடு தேவைப்படாது.

சத்தம் போட வேண்டிய ஒரு சொல் வரும்போது மட்டும், முன்னால் பாரமான மேசை இருந்தால், ஒரு முன்கையை வயிற்றுக்குக் குறுக்கே வைத்து மேசையை நோக்கிச் சாய்ந்து சொல்லுங்கள். கை வயிற்றை அமுக்கும். மேல்நெஞ்சுத் தசையும் உதவும், நாற்காலி தள்ளித் தள்ளி அது உங்களுக்கு உரமேறியிருக்கும். சமநிலை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேசை இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

வகுப்பை வரிசையாக வைக்காமல் உங்களைச் சுற்றி அரைவட்டமாக வையுங்கள். கடைசிப் பிள்ளை இருக்கும் தூரம் பாதியானால் குரல் செய்ய வேண்டிய வேலை வெகுவாகக் குறையும். றோட்டில் உழவு இயந்திரம் போகும்போது நிறுத்திவிடுங்கள், அதோடு போட்டி போட வேண்டாம். இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கியை நல்ல குரலுள்ள ரியூசன் மாஸ்ரர்களே பாவிக்கிறார்கள், நீங்களும் பாவிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: ஒலிபெருக்கி இருக்கும் குரலைப் பெருக்கும், இல்லாத ‘வராது’வைப் பெருக்காது. ஆகவே மூச்சு முதலில்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்க ஒரு கிளாஸ் தண்ணீரும் ஒரு உறிஞ்சுகுழாயும் போதும். குழாயின் நுனியிலிருந்து 5 சென்ரிமீற்றரில் பேனையால் அடையாளம் போட்டு, அந்த அடையாளம்வரை தண்ணீரில் அமிழ்த்தி ஊதுங்கள். குமிழிகள் இடைவிடாமல் 5 வினாடி வந்தால் அன்றாடக் கதைக்கு வேண்டிய அமுக்கம் உங்கள் நெஞ்சில் இருக்கிறது. பட்டி இல்லாமல் ஒருமுறை, பட்டியோடு ஒருமுறை ஊதி, வினாடிகளைத் திகதியோடு எழுதிவாருங்கள். மகனிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டால் அவன் ஒரு வினாடியும் கூட்டித் தரமாட்டான்.

முன்பு இல்லாத மூச்சுத்திணறல், படுத்திருக்கும்போதும் குரல் குறைதல், கையில் புதிதாகப் பலவீனமோ விறைப்போ, சளியை வெளியே எடுக்க முடியாத காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் என் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். முண்ணாண் காயம் பட்டுப் பல வருடங்களுக்குப் பிறகும் காயத்துக்கு மேலே மாற்றங்கள் வரலாம்.

பட்டி வாங்க ஆள் அனுப்புவதென்றால் சுற்றளவைப் படுத்த நிலையில், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே எடுத்து அனுப்புங்கள். இருந்த நிலையில் எடுத்த அளவு பெரிதாக வரும், வாங்கிய பட்டி தொளதொளவென்று நிற்கும். கிளினிக் நாளுக்கு வரும்போது கைத்தொலைபேசியில் அந்த இரண்டு பதிவுகளையும் அழிக்காமல் கொண்டுவாருங்கள். மூன்றாவதாகப் பட்டியோடு ஒன்றும் வேண்டும். வாக்கியம் அதே ‘இந்தப் பாடம் சோதனைக்கு வராது’தான்.